நிற்கிறவள் எடுக்கிற கத்தி

எங்கள் ஊரில் கத்தி எறிந்து வித்தை காட்டுகிறவன் தன் கத்தியைத் தானே எடுக்க மாட்டான். பலகைக்கு முன்னால் நிற்கிறவள்தான் பட்டறைக்குப் போய் எடுக்க வேண்டும். போகப்போவது அவள் உயிர், அவளே பார்த்து எடுக்கட்டும் என்று ஆண்பிள்ளைகள் பெருந்தன்மையாகச் சொல்லிக்கொள்வார்கள். மண்ணாங்கட்டி. ஒரு கத்தி பிசகி அவள் தோளைக் கிழித்துவிட்டால் 'நீ எடுத்த கத்திதானே' என்று சொல்ல வசதியாக எவனோ ஒரு கெட்டிக்காரன் ஏற்படுத்தி வைத்த வழக்கம் அது. சேகண்டி அடித்தே கை காய்த்துப்போனவள் நான். ஊர் ஊராக எத்தனையோ கத்திக்காரர்களுக்கு அடித்திருக்கிறேன். எனக்குத் தெரியாதா?

இந்த ஹெபெய்ப் பக்கத்து உவர் மண்ணில் சோளமும் பருத்தியும் பாதி வயிற்றுக்குத்தான் விளையும். மீதிப் பாதிக்கு ஜாடி சுழற்ற வேண்டும், கம்பியில் நடக்க வேண்டும், இல்லையென்றால் கத்தி எறிய வேண்டும். அறுவடை முடிந்ததும் வீட்டுக்கு வீடு மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவோம். என் பக்கத்து வீட்டு பாவ்தியானுக்குக் கத்தி. அவன் எறிவான், அவன் மனைவி மெய்ரோங் பலகைக்கு முன்னால் கையை விரித்து நிற்பாள், ஒவ்வொரு எறிக்கும் நான் சேகண்டி அடிப்பேன். அவர்களுடைய கல்யாணத்திலிருந்து அப்படித்தான் நடந்து வருகிறது.

அந்த வருஷம் பன்னிரண்டாம் மாதம் பிறந்ததுமே வடகாற்று ஆரம்பித்துவிட்டது. வாயைத் திறந்தால் பல் கூசுகிற காற்று. புதுவருஷத்துக்காகப் பூண்டை வினிகரில் ஊறப்போடுகிற நாள் அன்று. மெய்ரோங் பூண்டு மூட்டையை மகளிடம் உரிக்கச் சொல்லிவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"ச்சியாவ் அக்கா, கொல்லர் யின் வீடு வரைக்கும் வர்றீங்களா? பழைய கத்தியில பாதிக்கு முனை மழுங்கிப்போச்சு. புதுவருஷச் சந்தைக்குள்ள ஒரு செட் எடுத்துடணும்."

கத்தி எடுப்பதில் மெய்ரோங்குக்கு ஒரு தனி முறை உண்டு. எல்லாம் லாரியின் ஸ்பிரிங் பட்டையை அடித்துச் செய்கிற கத்திகள். விளிம்பில் கூர் இருக்காது, முனையில் மட்டும்தான். பிடிக்கு மரம் கிடையாது, முழுக்க இரும்பு, வால் பக்கம் சிவப்புத் துணி கட்ட ஓர் ஓட்டை. ஒவ்வொன்றையும் விரல்மேல் குறுக்காகக் கிடத்தி எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பாள். பிறகு யின்னை எறியச் சொல்லிவிட்டு, பட்டறைக் கதவுக்குப் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு, அது கதவில் வந்து குத்துகிற சத்தத்தைக் கேட்டபடி நிற்பாள். நீளமும் கனமும் உள்ள கத்தி வருகிற வழியில் மெதுவாகச் சுற்றும், குத்தினால் குத்திய இடத்தில் நின்றுவிடும். லேசான கத்தி விருட்டென்று வரும், பலகை காய்ந்திருந்தால் எகிறும். எகிறுகிற கத்தி எங்கே போகும் என்று எறிந்தவனுக்கே தெரியாது. ஆனால் எறிகிறவர்களுக்கு அந்த லேசான கத்திமேல்தான் ஆசை. கை வலிக்காது, சரசரவென்று ஒன்றன்பின் ஒன்றாக விடலாம், விளக்கு வெளிச்சத்தில் பளபளக்கும், கூட்டம் கை தட்டும்.

மெய்ரோங்கின் இடது காதில் மேல்பக்கம் ஒரு துண்டு இருக்காது. தெஜோ சந்தையில் போனது. நான்தான் துணி வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். பாவ்தியான் பக்கத்தில் நின்று, "இவ எடுத்த கத்திதான், நான் என்ன பண்றது?" என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். அன்றைக்கு அந்தச் சேகண்டியால் அவன் மண்டையில் ஒன்று போட்டிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் தோன்றும். அதிலிருந்து மெய்ரோங் காதை மறைத்துத்தான் தலை வாருகிறாள்.

யின் துருத்திக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும், "வா மெய்ரோங். என்ன, பழசுக்கு முனை வைக்கணுமா?" என்றார்.

"புதுசு எடுக்க வந்திருக்கேன். போன மாசமே சொல்லி வச்சேனே."

யின் சுத்தியலைக் கீழே வைத்தார். "புதுசா? அதான் போயிடுச்சே."

"எங்க போச்சு?"

"முந்தாநாள் பாவ்தியான் வந்தானே, உன் பொண்ணு ஷியாவ்மானையும் கூட்டிக்கிட்டு. அதுதான் எடுத்துச்சு. பாத்துப் பாத்துத்தான் எடுத்துச்சு." சொல்லச் சொல்லவே அவர் குரல் இறங்கியது. "உனக்குத் தெரியும்னு நெனச்சேன்மா."

ஷியாவ்மான் கத்தி எடுத்திருக்கிறாள் என்றால் ஷியாவ்மான்தான் பலகைக்கு முன்னால் நிற்கப்போகிறாள். எங்கள் ஊரில் அதற்கு வேறு அர்த்தம் கிடையாது. பதினெட்டு வயதுகூட முடியாத பெண். மெய்ரோங் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நின்று நின்று பழகிய முகம் அது.

"எதை எடுத்தா?" என்று கேட்டாள்.

யின் தயங்கிக்கொண்டே மூலையிலிருந்து ஒரு கத்தியை எடுத்துக் கொடுத்தார். "இதே மாதிரிதான். இது ஒண்ணு மிஞ்சிப்போச்சு."

குட்டையான, மெல்லிய கத்தி. மெய்ரோங் அதைக் கையில் வைத்து ஒரு முறை தூக்கிப் பார்த்தாள்.

"நான் சொன்னேன்மா," என்றார் யின். "நிக்கிற பொண்ணு, கனமா எடுன்னேன். காதுலயே போட்டுக்கல. ஒவ்வொண்ணா கையில வச்சு வீசிப் பாத்துட்டு, இதுதான் பறக்கும்னு சொல்லிச்சு."

"பறக்கும்னா சொன்னா?"

"ஆமா."

"அவ அப்பன் என்ன சொன்னான்?"

"சிரிச்சான்."

மெய்ரோங் கத்தியை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். வழியெல்லாம் எதிர்க்காற்று. பருத்திச் செடிக் குச்சிகளைத் தலையில் சுமந்துகொண்டு இரண்டு பேர் எதிரே வந்து பேச்சுக் கொடுத்தார்கள், அவள் காதில் வாங்கவில்லை. ஊர் எல்லை தாண்டியதும் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தாள்.

"அக்கா, நிக்கப்போறவ எடுக்கிற கத்தியா அது? எறியப்போறவ எடுக்கிற கத்தி."

வீட்டில் பாவ்தியான் தணல் போட்ட மண்மேடையில் சம்மணமிட்டு உட்கார்ந்து சோளக் கஞ்சி உறிஞ்சிக்கொண்டிருந்தான். தொட்டுக்கொள்ள உப்பு முள்ளங்கி. கீழே ஷியாவ்மான் முறத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். ஒல்லியான பெண். தோள் மட்டும் அகலம், அது அம்மாவிடமிருந்து வந்தது. வீடு முழுக்க வினிகர் வாடை அடித்தது. மெய்ரோங் கத்துவாள், சட்டியைத் தூக்கிப் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மகளுக்கு எதிரே உட்கார்ந்து ஒரு பூண்டை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள்.

"கத்தி எங்க?" என்றாள்.

"எந்தக் கத்தி?" என்றான் பாவ்தியான்.

"முந்தாநாள் வாங்கினியே, அந்தக் கத்தி."

ஷியாவ்மானின் விரல்கள் நின்றுவிட்டன. பாவ்தியான் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். நான் எழுந்து போவேன் என்று நினைத்தான் போலிருக்கிறது. நான் ஏன் போகிறேன்? நானும் ஒரு பூண்டை எடுத்துக்கொண்டேன்.

"சோங் சொல்லிட்டான்," என்றான் அவன். சோங் என்பவன் தியான்ஜின்காரன், புதுவருஷச் சந்தையில் கொட்டகை எடுத்து நடத்துகிறவன். "இந்தத் தடவை டிவிக்காரங்கல்லாம் வர்றாங்களாம். பலகைக்கு முன்னால சின்ன வயசு முகமா இருக்கணும்ங்கிறான். நான் என்ன பண்ண முடியும்? உனக்கும் முட்டி வலி. இனிமே உக்காந்து சாப்பிடேன், யாரு வேண்டாங்கிறது?"

"என் முட்டிமேல உனக்கு இவ்வளவு அக்கறையா? தெரியாமப் போச்சே."

"எதுக்கெடுத்தாலும் குத்திக் குத்திப் பேசாத."

"நான் வாயாலதானே குத்துறேன். அதுவே உனக்கு வலிக்குதா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன்.

"என்கிட்ட ஏன் சொல்லல?" என்றாள் மெய்ரோங்.

"சொன்னா இப்படித்தான் ஆடுவன்னு தெரியும்."

"அதனால புள்ளையக் கூட்டிட்டுப் போய் எடுக்க வச்சுட்ட. எடுத்துட்டா முடிஞ்சுது. நாளைக்கு அவ காது போனாலும் கண்ணு போனாலும், நீ எடுத்ததுதானேன்னு கையைக் கழுவிக்கலாம்."

"என் பொண்ணப் பாத்து நான் அப்படிச் சொல்வேனா?"

"நான் யார் பெத்த பொண்ணு? ரோட்டுல கெடந்தேனா?"

அவன் கஞ்சிக் கிண்ணத்தை எடுத்தான், குடிக்காமல் திரும்ப வைத்தான். ஷியாவ்மான்தான் தலையைக் குனிந்தபடியே பேசினாள்.

"அம்மா, அப்பாவத் திட்டாத. நான்தான் சரின்னு சொன்னேன்."

"நிக்கிறதுக்கா?"

"ம்."

"நிக்கிறவ எடுக்கிற கத்தியாடி அது? பொய் சொல்லாத. யின் எல்லாத்தையும் சொல்லிட்டார்."

ஷியாவ்மான் தலையை நிமிர்த்தினாள். பிறகு ஒரே மூச்சில் கொட்டினாள். "ரெண்டு வருஷம் நில்லு, அப்புறம் உன் கையில கத்தி குடுக்கிறேன்னு அப்பா சொன்னாரு. நான் பருத்திக் காட்டுக்குப் பின்னால மரத்துல எறிஞ்சு பழகிட்டுத்தான்மா இருக்கேன். அப்பாவுக்கும் தெரியும். நான் எறிஞ்சா தப்பாதும்மா. கைய விட்டுப் போச்சுன்னா கொஞ்ச நேரத்துக்கு உலகத்துல ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும். அப்புறம் டக்குனு ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்காக நான் என்ன வேணாலும் பண்ணுவேன். ரெண்டு வருஷம்தானே, நின்னுட்டுப் போறேன்."

மெய்ரோங் கையிலிருந்த பூண்டை முறத்தில் போட்டாள். சிரித்தாள். கேட்கச் சகிக்காத சிரிப்பு.

"அதே ரெண்டு வருஷம்," என்றாள். "அக்கா, கேட்டீங்களா? அதே ரெண்டு வருஷம்."

எனக்குத் தெரியும். கல்யாணமாகி வந்த புதிதில் மெய்ரோங் களத்துமேட்டில் ஒரு சோளத் தட்டையை நட்டு வைத்து எறிந்ததை இந்தக் கண்ணால் பார்த்திருக்கிறேன். எறிந்த வேகத்தில் தட்டை நடுவில் பிளந்தது. இதே பாவ்தியான் அப்போது மீசைகூடச் சரியாக முளைக்காத பயல். பக்கத்தில் நின்று, ரெண்டு வருஷம் நீ நில்லு மெய்ரோங், அப்புறம் நாம மாத்தி மாத்தி எறியலாம் என்று கொஞ்சிக்கொண்டிருந்தான். அவளும் நம்பினாள். பிறகு குழந்தை பிறந்தது. இரண்டு வருஷம் எப்போதோ முடிந்துவிட்டது, யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. புருஷன் பெண்டாட்டி விஷயம் என்று நானும் கேட்கவில்லை.

"நீ சொல்ற சத்தம் எனக்குத் தெரியும்டி," என்றாள் மெய்ரோங் மகளிடம். "இத்தனை வருஷமா தினமும் கேக்கிறேன். என் காதோரமா."

"சரி விடு, பழசையெல்லாம் இப்ப எதுக்குக் கெளர்ற?" என்றான் பாவ்தியான்.

"கெளறல. மாத்திக்கலாம்னுதானே சொன்ன? இன்னைக்கே மாத்திக்கலாம். உன் பொண்ணு எறியட்டும், நீ நில்லு."

"உனக்கென்ன பைத்தியமா?"

"ஏன்? நிக்கிறதுல என்ன பெரிய வித்தை இருக்கு, ஒரு சுரைக்காய நிறுத்தி வச்சாலும் நிக்கும்னு நீதானே ஊர் பூரா சொல்லிட்டுத் திரியுற? சுரைக்காய் நிக்கிறத நாங்களும் பாக்கிறோம்."

அவன் மறுபடி என்னைப் பார்த்தான். நான் மட்டும் அங்கே இல்லாவிட்டால் அவன் எழுந்திருக்கவே மாட்டான். மறுநாள் கிணற்றடியில் நான் எப்படிச் சொல்லுவேன் என்று யோசித்திருப்பான். தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, "எனக்கென்ன பயமா?" என்று சொல்லிக்கொண்டே முற்றத்துக்கு இறங்கினான்.

மெய்ரோங் கெண்டியில் வெதுவெதுப்பான தண்ணீர் கொண்டுவந்து முற்றத்தில் நிறுத்தியிருந்த பலகைமேல் ஊற்றினாள். காற்றில் மரம் காய்ந்து கெட்டிப்படாமல் இருக்க, ஒவ்வொரு நாளும் தான் நிற்பதற்கு முன்னால் அவளே செய்கிற வேலை அது. புதுக் கத்தி பக்கமே போகவில்லை. மழுங்காமல் மிஞ்சியிருந்த கனத்த பழைய கத்திகளை எடுத்து மகள் கையில் கொடுத்தாள்.

"உங்கப்பன் உயிராச்சே. லேசானது வேண்டாம்."

நான் வீட்டுக்குப் போய்ச் சேகண்டியை எடுத்து வந்தேன். பாவ்தியான் பலகையில் முதுகைச் சாய்த்து நின்றிருந்தான். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை அவனுக்கு. இடுப்பில் வைத்தான், தொங்கவிட்டான், விரித்தான். ஷியாவ்மான் இடம் பார்த்து நின்றாள். முகத்தில் பயமும் ஆசையும் சேர்ந்தே இருந்தன. ஆசைதான் தூக்கல், இல்லையென்று நான் சொல்ல மாட்டேன். கத்தியைக் கையில் வாங்கியதுமே அந்தப் பெண் வேறு ஆளாகிவிட்டாள்.

சேகண்டியை அடித்தேன். ஷியாவ்மான் கையைத் தூக்கினாள். பாவ்தியான் பலகையை விட்டு நாலடி தள்ளி நின்றான். கத்தி அவள் கையைவிட்டுக் கிளம்பவே இல்லை.

"கால் வழுக்கிடுச்சு," என்றான். "இந்தக் குளிர்ல தண்ணியக் கொட்டி வச்சிருக்கா, ஐஸாயிடுச்சு."

"சரி, மறுபடி நில்லு," என்றாள் மெய்ரோங்.

நின்றான். இந்தத் தடவை கண்ணை இறுக மூடிக்கொண்டான். நான் அடித்தேன். சத்தம் கேட்டதுமே முட்டி மடங்கி அப்படியே கீழே குந்திவிட்டான். தொப்பி விழுந்தது. சிரிக்க வேண்டும் என்று ஆசையாகத்தான் வந்தேன், ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டவன் எகிற ஆரம்பித்தான்.

"எறியத் தெரியாத புள்ளைக்கு முன்னால என்னைக் கொண்டாந்து நிறுத்துற. இவ என்னத்த எறிஞ்சா? ரெண்டு மரத்துல எறிஞ்சுட்டா ஆச்சா? இது வெளையாட்டா? கண்ணுல பட்டா யார் பொறுப்பு?"

"அவளுக்கு எறியத் தெரியாது," என்றாள் மெய்ரோங். "ஆனா நிக்கத் தெரியும், இல்லையா? அதையும் யாரும் அவளுக்குச் சொல்லிக் குடுக்கல. அத மட்டும் பொறக்கும்போதே தெரிஞ்சுக்கிட்டா."

அவள் போய்ப் பலகைக்கு முன்னால் நின்றாள். எப்போதும் நிற்கிற மாதிரி, குதிகால் சேர்த்து, கையை விரித்து, முகத்தை நேராக வைத்து நின்றாள். இடுப்பில் சமையல் துணி அப்படியே இருந்தது. காற்றில் மயிர் பறந்து அந்த மூளிக் காது வெளியே தெரிந்தது.

"எறி," என்றாள் மகளிடம்.

நான் அடித்தேன். ஷியாவ்மான் கையைத் தூக்கினாள், இறக்கினாள். மறுபடி தூக்கினாள். கத்தி முனை ஆடுவது நான் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது.

"எறிடீ."

"முடியலம்மா."

"ஏன் முடியல? தப்பாதுன்னு சொன்ன. காட்டுல எறிஞ்ச அதே தூரம்தானே."

"இங்க நீ நிக்கிறியேம்மா."

"உங்கப்பன் நின்னான், கையத் தூக்கின இல்ல?"

"அப்பா நிக்க மாட்டாருன்னு தெரியும்." ஷியாவ்மான் அழுதுவிட்டாள். "நீ நகர மாட்ட. நான் எப்படி எறிஞ்சாலும் நீ நகர மாட்ட."

மெய்ரோங் பலகையைவிட்டு வந்தாள். மகளிடமிருந்து கத்தியை வாங்கிக் கீழே போட்டுவிட்டு, அந்தக் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துப் பிடித்துக்கொண்டாள். அப்போதும் அது நடுங்குவது நிற்கவில்லை. வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாவ்தியானுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. விழுந்த தொப்பியை எடுத்துத் தட்டினான், மண்ணை ஊதினான்.

"ஷியாவ்மான் அப்பா," என்றாள் மெய்ரோங். குரலில் சண்டை இல்லை. "ஒண்ணு கேக்கிறேன், உண்மையைச் சொல்லு. நான் அங்க நின்ன இத்தனை வருஷத்துல, ஒரு நாளாவது உன் கை இப்படி நடுங்கியிருக்கா?"

அப்போதுதான் அவன் முகம் தெளிந்தது. நாங்கள் வந்ததிலிருந்து பேச்சில் அடிமேல் அடி வாங்கியவனுக்கு, பதில் தெரிந்த ஒரு கேள்வி கிடைத்துவிட்டது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான்.

"என் கையா? ஒரு நாளும் இல்ல," என்றான். "காது போச்சே, அன்னைக்குக்கூட அடுத்த கத்திய நேராத்தான் விட்டேன். ச்சியாவ் அக்காவையே கேளு."

உண்மைதான். காதிலிருந்து ரத்தம் கழுத்தில் இறங்கிக்கொண்டிருந்தபோது, அவன் மீதிக் கத்திகளையும் எறிந்து முடித்துவிட்டுத்தான் குனிந்து கும்பிட்டான். நானும் ஒவ்வொன்றுக்கும் சேகண்டி அடித்தேன். கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது.

மெய்ரோங் தலையாட்டினாள்.

"சரி. சோங் வந்தா சொல்லிடு. இந்தப் புதுவருஷத்துக்குப் பலகை வெறும் பலகையாத்தான் இருக்கும். இவளும் நிக்க மாட்டா, நானும் நிக்க மாட்டேன்."

மகளின் கையை விடாமல் உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் கதவைத் தாழிட்டாள். பாவ்தியான் ஓடிப்போய்த் தட்டினான். திறக்கவில்லை. உள்ளே பூண்டு உரிக்கிற சத்தம்தான் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து அவன் என் பக்கம் திரும்பினான். அந்த முகத்தில் கள்ளம் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருக்கிறது. நிஜமாகவே அவனுக்குப் புரியவில்லை.

"அக்கா, அவ கேட்டா, நான் உள்ளதச் சொன்னேன்," என்றான். "அதுல என்ன தப்பு?"